தலைமையிடத்தை விட்டு வெளியேறியதற்கான விளக்கம்

எனக்கு மெமோ அனுப்பிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். ‘முன்அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறியமை’ குறித்து 7 நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரச் சொல்லியிருந்தீர்கள். ஒரு பக்க விளக்கம் தங்கள் மேசைக்கு வந்திருக்கும். அந்தப் பக்கத்தில் இடம் போதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 எனக்கும் தெரியும், ஐயா. இந்த மடலுக்கும் ஒரு மெமோ வரும். இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினால் தபால் செலவு மிச்சம்.

மலை ஆஸ்பத்திரி டாக்டரான நான் அன்று போனது வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு. சினிமாவுக்கு இல்லை.

இரவு ஒன்றேகால் மணிக்கு ஒன்பது வயதுப் பையனை அப்பாவும் சித்தப்பாவும் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். வயிற்று வலி என்றார்கள். மழைக்காலத்தில் நடுராத்திரி வயிற்று வலி என்று பிள்ளை வந்தால் மலையில் வேலை பார்ப்பவர்கள் முதலில் வயிற்றைத் தொடுவதில்லை, கண்ணைப் பார்ப்போம். இரண்டு இமையும் பாதி இறங்கியிருந்தன. தரையில் பாய் போட்டுப் படுத்த பிள்ளை. டார்ச் அடித்து உடம்பெல்லாம் தேடியும் கடிவாய் கிடைக்கவில்லை. கட்டுவிரியன் பெரும்பாலும் அப்படித்தான். கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, வலி இருக்காது, கடித்ததே தெரியாது. கண்ணாடி விரியனாக இருந்தால் ரத்தத்தை 20 நிமிடம் கண்ணாடிக் குழாயில் வைத்துச் சாய்த்தால் உறையாமல் ஓடும். இவன் ரத்தம் நன்றாகவே உறைந்தது. அப்படியானால் கட்டுவிரியன்தான். அதைப் பார்த்து நிம்மதி வரவில்லை.

விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி. சின்னப் பிள்ளை என்று அளவைக் குறைக்க முடியாது, பாம்பு வயது கேட்டு விஷம் இறக்குவதில்லை. ஒவ்வொரு குப்பியிலும் 10 மில்லி தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துப் போகும், உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். நானும் நர்ஸம்மாவும் உருட்டினோம். நேரம் போகிறதே என்று பையனின் அப்பா கையிலும் ஒன்றைக் கொடுத்தேன். மண்வெட்டி பிடித்த கை, முட்டையைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே பையனுக்கு எச்சில் விழுங்க முடியாமல் போய்விட்டது. கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையில் உட்கார்ந்துவிட்டால் மருந்து அதைக் கிளப்பாது. நரம்பு தானாகத் தேறும்வரை, சில சமயம் நாள்கணக்கில், அவனுக்காக வேறு யாராவது மூச்சு விட வேண்டும். மூச்சுக்குழாயில் ஐந்தரை நம்பர் டியூப் போட்டேன். எங்களிடம் வென்டிலேட்டர் இல்லை. கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக் இருக்கிறது.

108 மேலே வரவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, சாலையின் சிறு பாலத்தை, அந்தக் கல்வெர்ட்டை, மழை அரித்துவிட்டிருந்தது. ஊரில் இருக்கும் ஒரே ஜீப்பில் அடிவாரம் வரை வந்தோம். அங்கே 108 தம்பி பேகை வாங்கிக்கொண்டார். ‘அங்கேயே இறங்கித் திரும்பியிருக்கலாமே’ என்பது தங்கள் மெமோவின் மூன்றாவது கேள்வி. பேகை அழுத்த ஒரு கை, வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சி எடுக்க ஒரு கை, டியூப் நகராமல் பிடிக்க ஒரு கை வேண்டும். ஒரு ஸ்பீடு பிரேக்கரில் டியூப் வெளியே வந்தால் திரும்பப் போட ஆள் வேண்டும். அதனால் ஏறினேன். மூன்று விநாடிக்கு ஓர் அழுத்தல், மொத்தம் இரண்டரை மணி நேரம். கணக்குப் போட்டால் 3000 வரும். நாங்கள் மாறி மாறி அழுத்தினோம். மறுநாள் என் கட்டைவிரல் மடங்கவில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான்.

அதே காலை ஏழு மணிக்கு மலையில் ஒரு பெரியவர் நெஞ்சு வலியோடு வந்திருக்கிறார். நர்ஸம்மா ஆஸ்பிரின் கொடுத்து, ஆக்சிஜன் வைத்து, எனக்கு போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் இறங்கிய பாதையில் பாதி தூரம் சிக்னல் கிடையாது. கீழே அனுப்ப ஜீப்பும் இல்லை, அதை நான் கொண்டுபோய்விட்டேன். பத்து மணிக்குள் அவர் இறந்துவிட்டார். நான் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். நான் இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

பதினொரு மணிக்கு ஆய்வுக்கு வந்தவர்கள் என் நாற்காலி காலியாக இருப்பதையும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லாததையும் குறித்துக்கொண்டு போனார்கள். மெமோவை நான்கு முறை படித்துவிட்டேன். அதில் பதிவேடு இருக்கிறது, விரல் வைக்கும் மெஷின் இருக்கிறது. அந்தப் பெரியவர் இல்லை.

காரியத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது, “அந்தப் புள்ள பொழச்சிக்கினானா, டாக்டரம்மா?”

ஐயா, நான் கேட்பது ஒன்றே ஒன்று. இரவுக்கு இன்னொரு டாக்டர். ஒருவர் நோயாளியோடு இறங்கினால் மற்றவர் மலையில் இருக்க வேண்டும். இங்கே இரண்டு பணியிடம் இருப்பதும் அதில் ஒன்று எத்தனை நாளாகக் காலி என்பதும் தங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மலையில் வேலை பார்த்தால் பி.ஜி. மேற்படிப்புச் சேர்க்கையில் கூடுதல் மார்க் உண்டு என்பதால் டாக்டர்கள் ஏறுகிறார்கள், மார்க் சேர்ந்ததும் இறங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நகரத்து கேஷுவாலிட்டியில் நான்கு வருடம் இருந்துவிட்டு அரசு டாக்டர் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு எழுதி நானும் அதே கணக்கோடுதான் ஏறினேன். கணக்கு எங்கேயோ தப்பி ஆறு வருடம் ஆகிவிட்டது. என்னோடு படித்த ஒருவர் லட்சத்தீவில் வேலை பார்த்தார். அங்கே முடியாத நோயாளியைக் கொச்சிக்கு ஹெலிகாப்டரில் ஏற்றுவார்களாம். அவரைச் சுற்றிக் கடல், என்னைச் சுற்றிக் காடு. எனக்கு ஹெலிகாப்டர் வேண்டாம், கல்வெர்ட் போதும். அதுவும் பிறகு. முதலில் அந்த இன்னொரு டாக்டர்.

காட்பாடி ஸ்டேஷனில் நின்று பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வைத்தியத்துக்கு வந்து இறங்குகிறார்கள். லாட்ஜ் போர்டுகூட வங்காள மொழியில் இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து சேர முடிகிற வேலூருக்கு, வேலூரின் மலையிலிருந்து வர முடியவில்லை. அல்லேரி மலையைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 மே மாதம், பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தை. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் சாலையில்லாமல் பாதியில் நின்றுவிட, பெற்றவள் சுமந்து நடந்தாள். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். நல்ல முடிவு, மனதாரச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் தெரிவித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தெரிவித்து முடித்த பிறகு பேகை யார் அழுத்துவது என்றுதான் கேட்கிறேன்.

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி திரும்பி வந்துவிட்டது. 2021இல் பாலாற்றில் வெள்ளமே போனது. எங்கள் பக்கத்து மலையில் மரத்துக்கும் குறைவில்லை. இந்த வரிசையில் காலியாகும் இடத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் மன்னிக்கவும். வேண்டுகோளை மரியாதையாகவே மறுபடியும் வைக்கிறேன். காலியாக இருக்கும் அந்த இரண்டாவது பணியிடத்தை நிரப்பித் தாருங்கள். நிரந்தரமாக முடியாவிட்டால், அடுத்த மழை முடியும்வரை அயல்பணியிலாவது ஒருவரை அனுப்புங்கள். வருபவருக்குக் குவார்ட்டர்ஸில் ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

என் விளக்கம் போதவில்லையென்றால் நேரில் வரத் தயார். போய்வர ஒரு முழு நாள் ஆகும். அன்று மலையில் யார் இருப்பார் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள். மறுபடியும் முன்அனுமதியின்றி வெளியேறினேன் என்று ஆகிவிடக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
மலை ஆஸ்பத்திரி டாக்டர்