மதில் காசின் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. வட்ஸ்அப்பில் கதைக்கத் தொடங்கினால் "மதில் எந்தளவில நிக்குது?" என்றுதான் முதலில் கேட்கிறாய். நானும் வெயில், மேசன்மார் இல்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுகிறேன். உண்மையைச் சொல்கிறேன். மதில் கட்டவில்லை. கல்லோ மணலோ ஒரு லோட் கூடப் பறிக்கவில்லை. காணியைச் சுற்றி மதில் கட்ட நீ அனுப்பிய காசில் முக்கால்வாசி வங்கியில் அப்படியே கிடக்கிறது. மிச்சம் எங்கே போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். காணி உன் சீதனம், உறுதிப் பத்திரம் உன் பேரில் இருக்கிறது. அப்பன் என்றாலும் கணக்குக் காட்ட வேண்டும்தானே.

1990 ஆனியில் சண்டைக்குப் பயந்து நாங்கள் ஓடியபோது உனக்கு ஐந்து வயது. இராணுவம் வைத்திருந்த காணியை 2018இல்தான் விட்டார்கள். முதல் நாள் உள்ளே போக வழியே இல்லை. சூரை, காரை, ஈச்சு, நாயுண்ணி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க, மேலால் வேம்புகள் எழும்பி நின்றன. வீட்டின் அத்திவாரத்தைத் தேடிப் பிடிக்கவே இரண்டு நாள் சென்றது. எனக்கு அழுகையும் கோபமும். மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் பிடித்து மூன்று நாளில் பன்னிரண்டு பரப்பையும், முக்கால் ஏக்கர், மொட்டையடித்தேன். கிணற்றடிக்குப் பின்னால் ஒன்றரைப் பரப்பு மட்டும் தப்பியது. கிணற்றுக்கட்டு இடிந்துவிடும் என்று பெக்கோக்காரப் பெடியன் அங்கால் போகப் பயந்துவிட்டான். அவன் பயந்ததற்கு இப்போது நன்றி சொல்கிறேன்.

துப்புரவாக்கிய காணியின் படத்தை உனக்கு அனுப்பினேன், நீயும் கைதட்டும் பொம்மை போட்டாய். நினைவிருக்கிறதா? அந்த மாரிக்கே செம்மண் கரைந்து ஒழுங்கையை நிரப்பியது. தை பிறக்கக் காணி முழுக்கப் பார்த்தீனியம். இந்திய இராணுவத்தோடு வந்த பூண்டு என்று சொல்வார்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். வெறும் கையால் பிடுங்கப்போய் முழங்கை வரை சொறிந்து, ஒரு கிழமை அம்மாவிடம் பேச்சு வாங்கினேன். இருபத்தெட்டு வருஷம் ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல், பசளை போடாமல் தானாக வந்த பற்றைக்குள் அது தலைகாட்டவில்லை. நான் மண்ணைக் கிளறி வெறுமையாக்கிய இடத்தில்தான் வந்து குந்தியது.

அடுத்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். சுற்றாடல் தினம் என்று ஓர் அமைப்பு நூறு மரக்கன்று தந்தது, பெயர் வேண்டாம். ஆனி 5ஆம் திகதி, பதாகை கட்டிப் படமெல்லாம் எடுத்து நட்டோம். எங்கள் ஊரில் அது எந்த நேரம்? சோளகக் காற்று அடித்துப் புழுதி பறக்கும் நேரம். மழை வர இன்னும் நாலு மாதம். உலகம் முழுவதற்கும் ஒரு நாளைக் குறித்தவர்களுக்கு யாழ்ப்பாணத்து ஐப்பசி எங்கே தெரியும்! பாதிக்கு மேல் மலைவேம்பும் மகோகனியும். நான் வாளியோடு அலைந்தும் மிஞ்சியது ஏழு.

அதற்குப் பிறகுதான் கிணற்றடி மூலையை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். காலையில் தேத்தண்ணியோடு அங்கே போய்க் குந்திவிடுவேன். செல்லடியில் தலை போன பனை ஒன்று அங்கே நிற்கிறது, பட்ட மரம். தறித்துவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதன் பொந்தில் கிளி குஞ்சு பொரிக்கிறது. உச்சியில் கொண்டைக்குருவி வந்து குந்தும், வாலடியில் சிவப்பாக இருக்குமே, அதுதான். அது எச்சம் போடுகிற இடத்தைக் குனிந்து பார்த்தேன். சூரங்கொட்டை, வேப்பங்கொட்டை, பெயர் தெரியாத இன்னும் இரண்டு கொட்டை. அதற்குப் பக்கத்துச் சூரைப்பற்றையை அலவாங்கால் மெல்ல விலக்கினால், உள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு வேப்பங்கன்று, அதன் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு நாவல். ஆடு வாய் வைக்க முடியாது, முள். வெயிலும் நேரே படாது. கீழே சருகு ஈரமாக இருந்தது. நான் வாளியால் ஊற்றிச் செய்ய முடியாத வேலையை, நான் வெட்டி எறிந்த முள்ளுப்பற்றை சும்மா நின்று செய்துகொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து என் வேலை குறைந்துவிட்டது. பார்த்தீனியத்தை மட்டும் பூக்க முன், நிலம் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குகிறேன், கையுறை போட்டுத்தான். நாயுண்ணியைச் சுற்றிவரக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிறேன். ஒரேயடியாக எடுத்தால் திரும்பவும் வெறும் நிலம், திரும்பவும் பார்த்தீனியம். பனங்கொட்டை கடகம் கடகமாகப் பொறுக்கி, நிற்க வேண்டிய இடத்திலேயே தாட்டேன். பனையை வேறிடத்தில் முளைக்கவைத்துப் பிடுங்கி நடலாம் என்று நினைக்காதே, அது முதலில் கீழே போய்விட்டுத்தான் மேலே வரும். நான் ஏறி நுங்கு பார்க்கப் போவதில்லை, அது வேறு கதை.

தண்ணீருக்குக் காசு போனது உண்மை. எங்களிடம் ஆறு என்று இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். வருஷத்துக்குச் சுமார் 1250 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். அது சுண்ணக்கல்லுக்குள் இறங்கினால்தான் கிணற்றில் நன்னீர். உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிற மெல்லிய தட்டு அது, கூட இறைத்தால் உவர் மேலே வரும். ஆகவே சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் வரம்பு கட்டுவித்தேன், பத்துப் பதினைந்து இருக்கும். மழைத் தண்ணீர் அதில் ஒரு நாள் நிற்கும், மறுநாள் இறங்கிவிடும். நுளம்புக்கு நேரமில்லை, டெங்குக்காரர் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். கூலி, கையுறை, வரம்பு என்று போனதன் சிட்டையை அம்மா வைத்திருக்கிறா.

இனி மதில். அப்பப்பா காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு மதிலும் இல்லை. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, இடையில் ஆடாதோடை. வேலிக்குக் கதியாலை, அதுதான் பச்சைத் தடியை, வெட்டி ஊன்றினால் மரமாகிவிடும். பூவரசங்குழை தோட்டத்துக்குத் தாழ்க்க, முள்முருக்கங்குழை ஆட்டுக்கு, வேலிக்குள் அணிலும் புலுனிக் குருவியும். இப்போது ஒழுங்கையில் இரண்டு பக்கமும் ஏழடிச் சீமெந்து. மாரியில் வெள்ளம் போக இடமில்லாமல் ஒழுங்கை வாய்க்காலாகிறது. கீரி ஒன்று ஒரு நாள் மதிலோரம் ஓடி ஓடி நுழைய வழி தேடியதைப் பார்த்தேன், கடைசியில் படலைக்குக் கீழால் போனது. போன மாரியில் நான் வடக்கிலும் மேற்கிலும் கிளுவை ஊன்றினேன். நீ சித்திரையில் வீடியோவில் பார்த்து "எல்லாம் செத்துப்போச்சு அப்பா" என்றாயே, அது சாகவில்லை. கிளுவை கோடைக்கு இலை கொட்டிக் குச்சியாக நிற்கும். நகத்தால் பட்டையைச் சுரண்டினேன், உள்ளே பச்சை. இதை உனக்குச் சொல்லத் தெரியாமல் அன்றைக்கும் மேசன் கதைக்குப் போய்விட்டேன்.

"காடு வேணுமெண்டால் சுண்டிக்குளத்தில இருக்குத்தானே" என்று மருமகன் கேட்டாராம். இருக்கிறது, 1938இலிருந்து சரணாலயம், 2015இலிருந்து தேசியப் பூங்கா, மாரியில் பூநாரை பார்க்க நல்ல இடம். ஆனால் அது கடனீரேரி. எங்கள் செம்மண்ணில் என்ன வளரும் என்பது செம்மண்ணில்தான் மிஞ்ச வேண்டும், குடாநாட்டில் செம்மண் முழுக்கத் தோட்டமும் வீடும். வேலியோரமும் கோயில் வளவும் கைவிட்ட காணியும்தான் இடம். போன மாதம் வரம்படியில் ஆடுதின்னாப்பாளை படர்ந்திருந்தது, நான் நடவில்லை. நாலாம் நாள் அதில் சிவப்பு உடம்புக் கறுப்பு வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அந்த இனக் கொடிகளில்தான் அதன் புழு வளரும். கொடியைப் பற்றை என்று வெட்டினால் பூச்சியும் இல்லை.

அம்மாவின் பயம் பாம்பு. அது பொய்ப் பயம் இல்லை, ஆகவே வீட்டைச் சுற்றி இருபது அடி துப்புரவாக வைத்திருக்கிறேன், இரவில் டோர்ச் இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. அந்த இருபது அடிக்குள்ளேயே ஆட்காட்டி வெறும் தரையில் நாலு முட்டை இட்டது. கல்லும் முட்டையும் ஒரே நிறம், மிதித்திருப்பேன். அம்மாதான் கண்டு, சுற்றிவர நாலு கல் வைத்து, அந்தப் பக்கம் கூட்டுவதையே விட்டுவிட்டா. உடும்பைக் கண்டால் மட்டும் இன்னும் கத்துகிறா.

கள்ளர் பயத்துக்கு ஒழுங்கைப் பக்கம், அதுதான் தெற்கே, மதில் வேண்டுமென்றால் கட்டுகிறேன், படலையும் இரும்பில் போடலாம். கிழக்கையாவது எனக்கு விட்டுத்தா. மிச்சக் காசில் மதிலுக்கும் கிளுவைக்கும் போக நிறைய வரும், திருப்பி அனுப்பவா, இல்லையென்றால் நீங்கள் வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு கொட்டில் போடவா என்பதையும் சொல்லு.

ஐப்பசி பிறக்க முன் பதில் வேண்டும். கிழக்குக் காணி மாமி தன் கிளுவையில் கதியால் வெட்டத் தருவதாகச் சொல்லியிருக்கிறா. ஒரு நிபந்தனை போட்டா, பழையபடி கிணற்றடி நேரே வேலியில் ஒரு பொட்டு, ஆள் புகுகிற இடைவெளி, விட வேண்டுமாம், நீ சின்னதில் அதற்குள்ளால் புகுந்துதான் அவவின் மாங்காய் களவெடுப்பாய் என்றா. கீரி போகிற அளவு விட்டால் போதும் என்றிருந்தேன், அவவும் போகிற அளவுக்கு விடத்தான் வேண்டும் போல.

அன்புடன்,
அப்பா