தனியாக வந்து இறங்கும் பிள்ளைகளுக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் பெரியவர் துணையில்லாமல் வந்து இறங்கும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேலை வாங்கித் தருவதாக யாரோ சொன்னதை நம்பி வந்தவர்கள் உண்டு. அடி உதைக்கும் கட்டாயக் கல்யாணத்துக்கும் பயந்து வண்டி ஏறியவர்களும் உண்டு. இவர்களின் மொழி தெரிந்தவர்களை அழைத்து வரவும், இவர்களுக்கு மாற்றுத்துணி தரவும் உங்களிடம் பண உதவி கேட்கிறோம்.

அப்படி மீட்கப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள், அரசு அமைத்த குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். எங்கே தங்கவைப்பது, எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். நல்ல எண்ணத்தோடுகூட நாம் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போய்விடக் கூடாது.

ஆனால் பிள்ளை சொல்வது புரியாமல் எந்த முடிவும் சரியாக இருக்காது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு சிறுவன் சட்டையின் உள்மடிப்பில் பேனாவால் ஒரு போன் எண்ணை எழுதி வைத்திருந்தான். கடைசி இலக்கங்கள் வியர்வையில் கரைந்துவிட்டன. ஊர் எது என்று கேட்டால், வண்டி ஏறிய ஸ்டேஷனின் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஒடியா பேசும் கட்டடத் தொழிலாளி ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான், வீட்டுக்குத் திரும்ப அவன் ஏன் அஞ்சுகிறான் என்பதே தெரிந்தது. அது தெரியாமல் அனுப்பியிருந்தால் அடுத்த வண்டியிலேயே கிளம்பியிருப்பான், வேறு ஏதோ ஊருக்கு.

இப்படிப் பிள்ளைகளோடு இந்தி பேச சௌகார்பேட்டையில் ஆட்கள் முன்வந்திருக்கிறார்கள். ஒடியா, வங்காளம், பீகாரில் பேசும் மைதிலி ஆகிய மொழிகள் தெரிந்தவர்களோ பெரும்பாலும் அன்றாடக் கூலிக்காரர்கள். இரவில் கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் வருகிறார்கள். ஆனால் மறுநாள் கூலி போய்விடுகிறது. ஏழைகளின் பெருந்தன்மையை நம்பி மட்டுமே இதை நடத்துவது நியாயமில்லை. நீங்கள் தரும் பணத்தில் பெரும்பகுதி அந்தக் கூலிக்கும் ஆட்டோ கட்டணத்துக்கும் போகும். மீதி, பிள்ளைகளுக்கான பைகளுக்கு: மாற்றுத்துணி, உள்ளாடை, செருப்பு, துண்டு, சோப்பு, பெண் பிள்ளைகளுக்கு நாப்கின். ஒரு பைக்கு 800 ரூபாய் ஆகிறது. பழைய துணிகள் வேண்டாம்; உடுத்திய துணியோடு வந்த பிள்ளைக்குப் புதுத்துணியே தர விரும்புகிறோம்.

பிள்ளைகளின் படத்தைப் போட்டால் பணம் சீக்கிரம் சேரும் என்றார்கள். அவர்களின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. தடை இல்லாவிட்டாலும் போட மாட்டோம்.

பெரியமேடு, சூளை, பூங்கா நகரில் எங்கள் உறுப்பினர்களின் கடைகளில் ரசீதுப் புத்தகம் இருக்கிறது. எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது உண்டு; கணக்கு மாதந்தோறும் அங்கேயே ஒட்டப்படும்.

தனியாகத் தவிக்கும் பிள்ளையைக் கண்டால் எங்களைத் தேட வேண்டாம், உடனே குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள். அவர்கள் வரும்வரை பிள்ளையின் அருகிலேயே இருங்கள்.