விலைப்பட்டியலின் முதல் பக்கத்தில் ஒரு வரி

சிறிய எஸ்யூவி கார்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

என் கோரிக்கை ஒன்றுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் விற்கும் ஒவ்வொரு வேரியன்டுக்கும் மோதல் சோதனையில் கிடைத்த மதிப்பெண்ணை விலைப்பட்டியலின் முதல் பக்கத்தில், விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அந்தக் காரைச் சோதனைக்கு அனுப்பவே இல்லையென்றால், ‘சோதிக்கப்படவில்லை’ என்று அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இதை எழுத வைத்தது போன வாரம் காரைக்குடியில் ஒரு ஷோரூமில் நடந்தது. அப்பாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். விற்பனைப் பிரிவில் இருந்த தம்பி நல்ல பையன், மரியாதையாகப் பேசினார். குரல் கொடுத்தே சன்ரூஃபைத் திறந்து காட்டினார். சீட்டுக்குள்ளிருந்து காற்று வருவதைக் கைவைத்துப் பார்க்கச் சொன்னார். டேஷ்போர்டு ஓரம் ஓடும் விளக்கை ஒவ்வொரு நிறமாக மாற்றிக் காட்டினார். எல்லாம் முடிந்தபின், கார்களை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் அரசுத் திட்டமான பாரத் என்கேப்பைப் பற்றி நான் கேட்டேன்: “தம்பி, இந்தக் காருக்கு பாரத் என்கேப்ல எத்தனை ஸ்டார்?”

“ஆறு ஏர்பேக் இருக்கு சார், எல்லா வேரியன்ட்லயும்.”

“அது சரி. ஸ்டார் எத்தனை?”

“பாடி ரொம்ப ஹெவி சார். கதவைச் சாத்திப் பாருங்க, சத்தமே சொல்லும்.”

சாத்தினார். கனமான சத்தம்தான் வந்தது. அப்பாவுக்குப் பிடித்துப் போயிற்று. கையில் கொடுத்த புரோஷரைப் புரட்டினேன். விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கம் பக்கமாகப் படம். மோதல் சோதனையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேலாளரிடம் போய்க் கேட்டால், “கம்பெனியிலிருந்து இன்னும் அப்டேட் வரல சார்” என்றார்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தானே அவர் சொல்வார்? லட்சக்கணக்கில் பணம் வாங்கும் நீங்கள், ஒரு நேரான கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத நிலையில் அவரை நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, கோபம் அதில்தான்.

எங்கள் பக்கம் பழைய வீட்டை விலைபேச வருகிறவர்கள் முதலில் தேக்குத் தூணைத் தட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். வீட்டுக்கு அது சரி, காருக்குச் செல்லாது. கதவின் சத்தம் ரப்பர் பீடிங்கையும் பூட்டையும் உள்ளே ஒட்டியிருக்கும் ஒலியடக்கும் பட்டையையும் பொறுத்தது. கனமாகக் கேட்கும்படி அதை அமைத்துவிடலாம். பானட்டை விரலால் அழுத்தினால் குழிகிறதா என்று பார்ப்பதிலும் பயனில்லை. வண்டியின் முன்பக்கம் நசுங்கத்தான் வேண்டும், நசுங்கி மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும்படித்தான் அதைச் செய்கிறார்கள். நசுங்கக் கூடாதது ஆள் உட்காரும் கூடு. முன் கண்ணாடிக்கு இருபுறமும் இறங்கும் பில்லர், நடுப் பில்லர், கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், பெடல் இருக்கும் தளம், இவற்றுக்கு எந்த எஃகு போட்டிருக்கிறீர்கள், எப்படி இணைத்திருக்கிறீர்கள் என்பதில்தான் உறுதி இருக்கிறது. அதையெல்லாம் பெயின்டும் பிளாஸ்டிக்கும் மூடியிருக்கின்றன. ஷோரூமில் நிற்கிறவன் எதைத் தட்டிப் பார்ப்பான்? இது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே கதவைச் சாத்திக் காட்டச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் இவ்வளவு அழுத்திக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், போன வருடம் திருப்பத்தூரிலிருந்து இரவில் திரும்பிக்கொண்டிருந்தார். பிள்ளையார்பட்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மாடு ஒன்று குறுக்கே வந்துவிட்டது. ஒடித்துத் திருப்பியதில் வண்டி சாலையை விட்டு இறங்கி, டிரைவர் பக்க முன்மூலை புளியமரத்தில் மோதிவிட்டது. ஏர்பேக் விரிந்தது. முகத்திலும் நெஞ்சிலும் பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் அவரால் காலை வெளியே எடுக்க முடியவில்லை. பெடல் இருக்கும் தளம் உள்பக்கமாக மடிந்து வலது பாதத்தைக் கவ்விக்கொண்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் ஓடிவந்து கடப்பாரை போட்டு நெம்பித்தான் எடுத்தார்கள்.

கணுக்காலில் பிளேட் வைத்திருக்கிறது. அத்தான் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், நாள் முழுக்க நின்றே வியாபாரம் செய்து பழகியவர். இப்போது மதியத்துக்கு மேல் நிற்க முடிவதில்லை. படியேறும்போது இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் அடுத்த படி. எங்கள் ஊர் வீடுகளில் திண்ணைக்கே படி ஏற வேண்டும், வளவுக்குள் போக இன்னும் ஏறி இறங்க வேண்டும். அக்கா அவர் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பார்.

அந்த வண்டியை டிங்கரிங் பட்டறையில் போய்ப் பார்த்தோம். மெக்கானிக் அண்ணன் மிதியடியை விலக்கிக் காட்டினார். தளத்தகடு இரண்டாக மடிந்து, வெல்டிங் வைத்த இடங்கள் வரிசையாகப் பிய்ந்திருந்தன. மேலே டச் ஸ்கிரீனில் ஒரு கீறல் இல்லை.

வேறு காராக இருந்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்று நான் சாதிக்க வரவில்லை. அந்த வேகத்தில், அந்த மரத்தில், எந்தக் கார் எப்படித் தாங்கும் என்று சொல்ல நான் பொறியாளர் இல்லை. வாங்கும்போது அந்தக் காரின் கூடு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அத்தானுக்கு வழியே இல்லாமல் போனதே, என் புகார் அதுதான். அது எந்த நட்சத்திரச் சோதனைக்கும் போகாத மாடல். வசதிகளைப் பார்த்து வாங்கினார், ஏனென்றால் அவர் முன்னால் வசதிகளை மட்டுமே வைத்தார்கள்.

எல்லாக் கார்களும் சட்டப்படியான மோதல் சோதனையில் தேறித்தான் விற்பனைக்கு வருகின்றன என்று நீங்கள் பதில் சொல்லலாம். உண்மைதான். 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கு மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் முன்மோதல் சோதனை கட்டாயம். ஆனால் அதில் தேறியது என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், எப்படித் தேறியது என்று தெரியாது. அதைச் சொல்வதற்காகத்தானே 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தது? அங்கே மணிக்கு 64 கிலோமீட்டரில், காரின் முன்பக்க அகலத்தில் 40 சதவீதம் மட்டும் படும்படி மோதவிடுகிறார்கள். பக்கவாட்டில் 50 கிலோமீட்டரில் ஒரு மோதல். 29 கிலோமீட்டரில் பக்கவாட்டாகக் கம்பத்தில் ஒரு மோதல். சாலையோரப் புளியமரங்களுக்கு நடுவே ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கம்பச் சோதனையின் அருமை தெரியும். பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32 மதிப்பெண், குழந்தைகள் பாதுகாப்புக்கு 49. எந்தெந்த வேரியன்டுக்கு அது பொருந்தும் என்பதையும் அறிக்கையிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆக, நான் கேட்கும் வரிக்குப் புதிதாக எந்த ஆய்வும் தேவையில்லை. எண்ணை எடுத்து அச்சிட்டால் போதும்.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சோதனைக்குப் போவது உங்கள் விருப்பம். ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் என்றால் அதைச் சாலையோரப் பலகை வரை எழுதிவிடுகிறீர்கள். போகாத காரைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த மௌனம் வாங்குகிறவனுக்குப் புரிவதில்லை. ‘சோதிக்கப்படவில்லை’ என்ற வரியைக் கேட்பது இதனால்தான்.

வசதியும் வேண்டும், உறுதியும் வேண்டும் என்றால் விலை கட்டாது என்ற பேச்சையும் கேட்டிருக்கிறோம். 2014-ல் கார்களை மோதிச் சோதிக்கும் சர்வதேச அமைப்பான குளோபல் என்கேப் இந்தியக் கார்களை முதன்முதலாக மோதிப் பார்த்தபோது, ஐந்து சிறிய கார்களும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜிய நட்சத்திரம்தான் வாங்கின. 2018 டிசம்பரில் அதே சோதனையில் டாடா நெக்ஸான் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. நாலு மீட்டருக்குள் அடங்கும் கார்தான் அது, இங்கேயே செய்தது. பாரத் என்கேப் வந்தபின் மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவும் ஸ்கோடா கைலாக்கும் ஐந்து வாங்கியிருக்கின்றன. இவற்றிலும் சன்ரூஃப் உண்டு, ஸ்கிரீன் உண்டு. ஆக, முடியாத காரியத்தை நாங்கள் கேட்கவில்லை.

சொல்ல வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின் சீட் நடுவில் உட்காருகிறவருக்கு ஒரு ஹெட்ரெஸ்ட் வேண்டுமென்றால், சில கார்களில் மேல் வேரியன்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. கூடவே நாங்கள் கேட்காத சன்ரூஃபும் விளக்கும் ஸ்பீக்கரும் வருகின்றன. எங்கள் வீட்டில் அந்த நடுச் சீட்டில் உட்காரப்போவது அப்பத்தா. அவர் கழுத்துக்கு ஒரு தாங்கல் வைப்பதற்காக, சித்திரை வெயிலில் திறக்கவே முடியாத கண்ணாடிக் கூரைக்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? வசதிகளுக்கு ஏதாவது பழுது என்றால், ‘பார்ட் வரணும், மதுரைக்கு எடுத்துட்டுப் போங்க’ என்கிறார்கள். மதுரையானாலும் திருச்சியானாலும் எங்களுக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கதவுக் கைப்பிடி ஆடாமல், அடியில் சத்தம் வராமல், பத்து வருடம் ஓடும் வண்டிதான் எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்குப் பெரிய வசதி.

அரசையும் சும்மா விட முடியவில்லை. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022-ல் வரைவு விதி வந்தது, பிறகு ஒரு வருடம் தள்ளிப்போனது, 2023-ல் கட்டாயமில்லை என்று அமைச்சரே சொல்லிவிட்டார். நீளம் நாலு மீட்டருக்குள், எஞ்சின் பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், மீறினால் 40 சதவீதம். நீளத்தை அளக்கிறார்கள், எஞ்சினை அளக்கிறார்கள். உள்ளே உட்காருகிறவர் பிழைப்பாரா என்பதற்கு வரியில் ஒரு பைசா வித்தியாசமும் இல்லை. மாடுகள் சாலையில் படுத்திருப்பதற்கும் விளக்கில்லாத வளைவுகளுக்கும் நீங்கள் பொறுப்பில்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு.

உங்களிடம் கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன். ஒவ்வொரு வேரியன்டின் விலைக்குப் பக்கத்திலும் பெரியவர்களுக்கு 32-க்கு இவ்வளவு, குழந்தைகளுக்கு 49-க்கு இவ்வளவு என்று இரண்டு எண்கள். சோதனைக்குப் போகாத காருக்கு ‘சோதிக்கப்படவில்லை’ என்ற ஒரு வரி. ஷோரூமில் நிற்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும், யார் கேட்டாலும் அந்த எண்களைத் தயங்காமல் சொல்லலாம் என்ற அனுமதி. கேட்பது இவ்வளவுதான்.

தைப்பூசத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும். நடக்கிறவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோக இந்த முறை புதுக் காரை எடுத்துப் போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. முன்பணம் தயாராக இருக்கிறது. கீழ் வேரியன்ட் ஆனாலும் சரி, மதிப்பெண் வெளியிட்ட காரைத்தான் எடுப்பது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். அத்தானும் அதையேதான் சொன்னார். உங்கள் அடுத்த விலைப்பட்டியல் அச்சுக்குப் போகும்முன் இந்த மடலைத் தயவுசெய்து ஒருமுறை படித்துப் பார்த்து, முடிவைத் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கார் வாங்கக் காத்திருக்கும் காரைக்குடி வாடிக்கையாளர்