"பரம்பரையில் முட்டு இருக்கா?" என்ற கேள்வியோடு நிறுத்த வேண்டாம்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும் மருத்துவமாதர்களுக்கும்,

வணக்கம்.

இழுப்போடு வரும் பிள்ளையின் தாயிடம் "பரம்பரையில் ஆருக்கும் முட்டு இருக்கா?" என்று கேட்கிறோம். "ஓம், அப்பப்பாவுக்கு" என்கிறார். கொப்பியில் "ஓம்" விழுகிறது. அந்த "ஓம்" அநேகமாக எதற்கும் உதவாது. காலமெல்லாம் சுருட்டுக் குடித்து, அறுபது வயதில் மூச்சு வாங்கத் தொடங்கியவருக்குப் பெரும்பாலும் இருப்பது முட்டு எனப்படும் தொய்வு (ஆஸ்துமா) அல்ல. புகையால் நுரையீரல் பழுதான வேறு வருத்தம்.

கேட்க வேண்டியது தாயையும் தகப்பனையும் பற்றி: தொய்வு உண்டா, எந்த வயதில் தொடங்கியது? நேராகக் கேட்டால் "சளிதான்" என்று மழுப்புவார்கள், கலியாணப் பேச்சுக்குப் பயந்து மறைத்த பழக்கம். "சின்ன வயசில பம்ப் அடிச்சனீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் மாறும். கரப்பனை (எக்ஸிமாவை) கேட்கவே வேண்டாம், சட்டையை விலக்கிப் பாருங்கள்: கைக்குழந்தைக்குக் கன்னத்தில், வளர்ந்ததற்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும். முதல் மூன்று வயதுக்குள் அடிக்கடி இழுக்கும் பிள்ளைக்குப் பெற்றோரின் தொய்வோ தன் கரப்பனோ சேர்ந்திருந்தால், பள்ளி வயதிலும் தொய்வு வரும் வாய்ப்புக் கூடுதல். இரண்டும் இல்லாமல், தடிமன் பிடித்தால் மட்டும் இழுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது வளர வளர விட்டுவிடும். அவர்களுக்கு அவசரப்பட்டுத் தொய்வுப் பெயர் சூட்ட வேண்டாம்.

வயதைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2007இல் 17ஆம் நிறமூர்த்தத்தில், ஓ.ஆர்.எம்.டி.எல்.3 மரபணு இருக்கும் பகுதிக்கும் சிறுவயதில் தொடங்கும் தொய்வுக்கும் தொடர்பு கண்டார்கள். பெரியவரானபின் தொடங்கும் தொய்வில் அந்தத் தொடர்பு தெளிவாக இல்லை. அடுத்த ஆண்டு வந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: குழந்தைப் பருவத்தில் சிகரெட் புகை பட்டவர்களில் இதே மரபணுப் பகுதியின் பாதிப்புக் கூடுதல். தடிமன் வைரஸால் சிறுவயதில் இழுத்த பிள்ளைகளிலும் அப்படியே என்று 2013இல் வேறோர் ஆய்வு காட்டியது.

ஆகவே பரம்பரை உள்ள வீட்டில்தான் புகையை முதலில் வெளியேற்ற வேண்டும். நாமோ "பரம்பரை வருத்தம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். தாய் அதை விதி என்று எடுத்துக்கொள்கிறார். மரபணு முழுதும் ஒன்றான இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு.

தகப்பன் முற்றத்தில் நின்று பத்தினாலும் சட்டையோடு புகை உள்ளே வரும். நுளம்புத் திரி ஒன்று எரிந்து முடிய வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். திரிக்குப் பதில் வலை. பிள்ளை படுக்கும் அறையில் சாம்பிராணி வேண்டாம். வைக்கோல் எரிக்கும் நாட்களில் காற்று வரும் பக்கத்து யன்னலைச் சாத்தச் சொல்லுங்கள்.

மரபணுச் சோதனை செய்யலாமா என்று வசதியுள்ள பெற்றோர் கேட்பார்கள். தொய்வோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் நூற்றுக்கு மேல், ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. அந்தக் காசுக்கு வலை வாங்கலாம்.

பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் மூன்று வரி போதும்: பெற்றோரின் தொய்வு தொடங்கிய வயது, கரப்பன், வீட்டில் என்ன புகை. ஒரு றப்பர் முத்திரை செய்தால் எழுதும் நேரமும் மிச்சம்.

இப்படிக்கு,
சிறுவர் தொய்வுச் சிகிச்சையில் ஈடுபட்டுள்ளோர்