ஆறாம் நம்பர் ஷூ

நகைக்கடை, ஜவுளிக்கடை முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். 14 வருஷமாக நகைக்கடை கவுண்டரில் நிற்கிறவள் எழுதுகிறேன். சம்பளம், லீவு பற்றி இல்லை. சீருடையோடு நீங்கள் தருகிற கறுப்பு ஷூவைப் பற்றி.

போன வருஷம் வலது கால் மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டேன். கட்டைவிரல் மெல்ல மெல்லப் பக்கத்து விரல் மேல் சாய்ந்து, மெட்டி சதையில் அழுந்த ஆரம்பித்திருந்தது. கட்டைவிரலின் அடியில் பாதத்தின் ஓரமாக நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. கடையில் எல்லோரும் யூரிக் ஆசிட் என்றார்கள். பருப்பை நிறுத்தினேன், ரத்தம் கொடுத்தும் பார்த்தேன், அளவு சரியாகத்தான் இருந்தது. கடைசியில் எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, "இது பனியன்மா" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் திருப்பூர் பனியன்தான். காலில் ஒரு பனியன் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எக்ஸ்ரேயைக் காட்டினார். புதிதாக எலும்பு எதுவும் முளைத்திருக்கவில்லை. கட்டைவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஒரு நீள எலும்பு இருக்கிறது. அது ஒரு பக்கம் விலக, விரல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. இரண்டும் சேர்கிற மூட்டுதான் வெளியே துருத்துகிறது. அதன் மேல் ஷூ உரச உரச, தோலுக்கு அடியில் இருக்கிற சின்ன நீர்ப்பை வீங்கிச் சிவந்துவிடுகிறது. அந்த வலியோடுதான் "வாங்கம்மா, என்ன பார்க்கறீங்க?" என்று சிரிக்கிறோம்.

பழி முழுவதையும் ஷூ மேல் போட மாட்டேன். என் அம்மாவுக்கும் இந்தப் புடைப்பு இருக்கிறது. அவர் வாழ்நாளில் ஷூ போட்டதே இல்லை. பாதத்தின் அமைப்பும் தசைநார்களின் தளர்வும் பரம்பரையாக வருபவை. தட்டைப் பாதம், முடக்குவாதம் இருந்தாலும் வரலாம். ஆனால் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் லேசாகத் தெரிந்தது, வலியும் இல்லை. எனக்கு முப்பத்தெட்டிலேயே மெட்டி போடமுடியாமல் போய்விட்டது. இடையில் இருக்கிற வித்தியாசம் என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

ஹாங்காங்கில் நடந்து 1958-இல் வெளியான ஒரு ஆய்வில் ஷூ போடுகிற சீனர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். போடுகிறவர்களில் 33 சதவீதம் பேருக்குக் கட்டைவிரல் சாய்ந்திருந்தது, போடாதவர்களில் 2 சதவீதம்கூட இல்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பழைய இடுகாடுகளைத் தோண்டிப் பார்த்தவர்களும் இதே மாதிரி ஒன்றைக் கண்டார்கள். கூர்மூக்குச் செருப்பு நாகரிகமான 14-ஆம் நூற்றாண்டிலிருந்து புதைக்கப்பட்டவர்களில் 27 சதவீதம் பேருக்குப் பனியன் இருந்திருக்கிறது. அதற்கு முந்தைய காலத்து எலும்புகளில் 6 சதவீதம்தான்.

இப்போது நம் ஷூவுக்கு வருகிறேன். முன்பக்கம் கூர்மை, பின்னால் இரண்டு அங்குல ஹீல். ஹீல் உடம்பின் எடையை முன்பாதத்துக்குத் தள்ளும், கூர்மை அங்கே விரல்களை நெருக்கும். மொத்தமாக ஆர்டர் போடும்போது ஐந்து, ஆறு, ஏழு என்று நம்பர் மட்டும் கேட்கிறீர்கள். நம்பர் நீளத்தைச் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. என் ஆறாம் நம்பரும் என் பக்கத்து கவுண்டர் பெண்ணின் ஆறாம் நம்பரும் ஒன்றா? போதாததற்கு, நின்று நின்று சாயங்காலம் எல்லோருக்கும் பாதம் வீங்கிவிடுகிறது. காலையில் சரியாக இருந்த ஷூ ஏழு மணிக்குக் கடிக்கும்.

நாற்காலி விஷயம் உங்களுக்கே தெரியும். 2018-இல் கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வைத்தார்கள். 2021-இல் தமிழ்நாட்டிலும் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எங்கள் தளத்தில் நாற்காலி இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வை இருக்கிறதே! சரி, அதைத் தனியாகப் பேசலாம்.

சாய்ந்த விரல் தானாக நிமிராது. விரலிடுக்கில் வைக்கிற சிலிகோன் கட்டை வலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். இரவில் கட்டிக்கொண்டு படுத்தால் நேராகிவிடும் என்று போனில் விளம்பரம் வருகிற பட்டையை நானும் வாங்கி ஏமாந்தேன். நிமிர்த்த வேண்டுமென்றால் எலும்பை வெட்டிச் சரிசெய்யும் அறுவைசிகிச்சைதான், அதற்குப் பிறகு பல வாரம் ஓய்வு. அட்சய திருதியைக்கு முந்தின மாதம் அந்த லீவைக் கேட்டால் கிடைக்குமா?

அதனால்தான் புதிதாகச் சேர்ந்திருக்கிற பத்தொன்பது, இருபது வயதுப் பெண்களுக்காகக் கேட்கிறேன். பரம்பரையை மாற்றமுடியாது, ஷூவை மாற்றலாம். முன்பக்கம் அகலமாக, விரல்களை உள்ளே விரிக்க முடிகிற மாதிரி, ஹீல் ஒரு அங்குலத்துக்குள் இருந்தால் போதும். நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே கைக்கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். அளவைச் சாயங்காலம், நின்றபடி எடுக்க வேண்டும், இரண்டு காலையும் பார்த்துப் பெரிய காலுக்கு ஏற்றபடி வாங்க வேண்டும். கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும், அதில் எங்களுக்கு ஒன்றுமில்லை. ஏற்கெனவே புடைத்தவர்கள் வார் வைத்த அகலச் செருப்பு போட்டு வந்தால் அபராதம் பிடிக்காதீர்கள். எந்த வாடிக்கையாளரும் கவுண்டருக்குப் பின்னால் எட்டி எங்கள் காலைப் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு முன் புதுச் சீருடைக்கு அளவெடுக்க டெய்லர் வருவார். ரவிக்கைக்குத் தோள், கை, கழுத்து என்று அரை அங்குலம் பிசகாமல் எடுப்பார். இந்த முறை அவர் வருகிற அன்று மாலை ஆளுக்கொரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுங்கள். காலை வைத்து நாங்களே வரைந்து, பெயர் எழுதித் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் தளத்துப் பெண்களில் ஒருத்தி