நாட்காட்டித் தாளின் பின்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மன அழுத்தம் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் தியானம், யோகா என்றே தொடங்குகிறார்கள். வங்கியில் காசாளராகப் பல மார்ச் மாதக் கணக்கு முடிப்புகளைக் கடந்துவந்த எனக்குக் கைகொடுத்தவை அவற்றைவிட எளியவை. உறக்கம் பிடிக்காத இரவுகளில், கிழித்த தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், மறுநாள் செய்யவேண்டியவற்றையும் என் கையில் இல்லாதவற்றையும் தனித்தனியே எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் படுப்பேன்; பல நாள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம். வீட்டுக்கு இரண்டு நிறுத்தங்கள் முன்பே பேருந்திலிருந்து இறங்கி நடந்ததும், மாலைக் காபியை விட்டதும் பலன் தந்தன. காபியை விட்டதுதான் கடினம்.

ஆனால் உறக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டு, எதிலும் நாட்டமற்றுப் போனால், நடையும் தாளும் போதா. மருத்துவ உதவி வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே பேசலாம். எரிவாயு முகவரின் எண்ணைச் சமையலறைக் கதவில் எழுதிவைக்கும் நம் வீடுகளில் இந்த எண்ணைக் காணோம். தங்கள் நாளிதழ் அதை நாள்தோறும் ஒரு மூலையில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்.