நடைபாதையில் சைக்கிள்: பிரதேச சபைக்கும் பொலிஸாருக்கும் ஒரு திறந்த மடல்

கௌரவ தவிசாளர் அவர்களுக்கும், சபை உறுப்பினர்கள் அனைவருக்கும், பொலிஸ் போக்குவரத்துப் பிரிவின் பொறுப்பதிகாரி அவர்களுக்கும்,

வணக்கம்.

ஆஸ்பத்திரி வீதியில் போட்டோ கொப்பி கடை வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்துக்குத் தமிழில் வருகிற மனுக்களில் நிறைய என் கடையில் டைப் அடித்தவைதான். தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை, தெருவிளக்கு எரியவில்லை, அஸ்வெசும உதவித்தொகைப் பட்டியலில் பெயர் வரவில்லை என்று மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த மடலை மட்டும் யாரும் சொல்லி நான் எழுதவில்லை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மேல் சந்தியில் பஸ் ஸ்டாண்டில் இருந்து ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் உள்ள நடைபாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். போன மாதம் கிளினிக் நாள் காலையில் ஒரு பாட்டியை இடித்து விழுத்தியதும் தெரியும். கூடி நின்று பார்த்தவர்களில் சபை உறுப்பினர் ஒருவரும் இருந்தார். ஆகவே அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அது சபை வரைக்கும் வந்து சேர்ந்திருக்காது.

பாட்டிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். "நல்ல காலம், இடுப்பு உடையவில்லை" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் அவர் கோல் ஊன்றுவது அந்தக் கையால்தான். முப்பது வருஷத்துக்கு மேல் தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமந்து மலை ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. கோல் இல்லாமல் லயத்து வாசற்படிகூட இறங்க முடியாது. இடது கையில் கோலைக் கொடுத்தால் பழக்கமில்லாமல் தடுமாறுகிறார். மேல் டிவிசனில் இருந்து டவுனுக்கு வருவதென்றால், தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, கற்படி தாண்டி, தோட்டத்து ரோட்டுக்கு வந்துதான் ஆட்டோ பிடிக்க வேண்டும். மழையில் அந்தப் படி வழுக்கும். கட்டு நனையக் கூடாது என்று டொக்டர் சொன்னதால் மகள் அதன் மேல் ஷொப்பிங் பேக்கை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு விட்டிருக்கிறார். குடைக்கு ஒரு கை வேண்டும், கோலுக்கு ஒரு கை வேண்டும். இருப்பதே ஒரு கை.

அடுத்த கிளினிக்குக்குப் பாட்டி வரவில்லை. மகள்தான் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். ஆள் வராமல் பிரசர் பார்க்க முடியாது, சீனி பார்க்க முடியாது. அவர்கள் மேல் பிழை சொல்லவும் முடியாது. மகளுக்குத் தோட்டத்தில் அன்றைய பேரும், அதாவது நாள் சம்பளமும் போயிற்று, கொப்பியில் புதிதாக ஒரு வரியும் எழுதப்படவில்லை. திரும்பிப் போகிற வழியில் என் கடை வாசலில் இருக்கிற பிளாஸ்டிக் கதிரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆட்டோவுக்குச் சில்லறை மாற்றிக்கொண்டு போனார். சில்லறைக் காயம் என்று நாம் சொன்னது இப்படி ஒரு வீட்டையே முடக்கிப் போட்டிருக்கிறது.

இது ஒரு பாட்டியின் கதை மட்டும்தான் என்று நினைத்தால், கிளினிக் நாளில் என் கடை வாசலில் வந்து நின்று பாருங்கள். வயசானவர்கள் பலர் இப்போது நடைபாதையை விட்டு இறங்கி ரோட்டோரமாகப் போகிறார்கள். பஸ் அவர்களை உரசிக்கொண்டு போகிறது. "ஏன் அம்மா ரோட்டில் போறீங்க, மேலே ஏறுங்க" என்று ஒருவரிடம் சொன்னேன். "ரோட்டுல பஸ்காரன் ஹோன் அடிச்சாவது வாரான் தம்பி. மேல போனா இது பூனை மாதிரி பின்னால வந்துருது" என்றார். நடப்பதற்கென்றே கட்டிய இடத்தைவிட பஸ் ஓடுகிற இடம் மேல் என்று எழுபது வயதில் ஒருவர் முடிவு பண்ணியிருக்கிறார். இதைக் கேட்டுச் சபைக்கு வெட்கம் வர வேண்டாமா? கடுமையாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அந்த அம்மாவின் கணக்கில் பிழையும் இல்லை. மேல் சந்தியில் இருந்து கேட் வரைக்கும் ஒரே இறக்கம், பெடல் மிதிக்கவே தேவையில்லை. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற சைக்கிள் ஒரு செக்கனில் ஐந்தரை மீற்றர் தாண்டும். கோல் ஊன்றிப் போகிறவர் கழுத்தைத் திருப்புவதற்குள் ஆள் மேல் வந்துவிடும். காது மந்தமானவருக்கு பெல் அடித்துப் பயனில்லை. காது கேட்பவருக்கு அடித்தால் அதைவிட மோசம், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நடுவிலேயே நின்றுவிடுகிறார். மழை வேறு. ரிம்மைப் பிடிக்கிற பிரேக் நனைந்திருந்தால் உடனே பிடிக்காது; ரப்பர் தண்ணீரைத் துடைத்து முடிக்கும் வரை சக்கரம் உருண்டுகொண்டுதான் இருக்கும். நம்ம பக்கம் மே மாதம் தென்மேல் பருவ மழை தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் விடாது, அப்புறம் ஒக்டோபரில் இடிமழை. நடைபாதை என்று பெயர் சொன்னாலும் அது வடிகான் மேல் பரப்பிய கொங்கிரீட் பலகைகள்தான். சிலது ஆடும். குடை பிடித்த இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையைச் சாய்த்தால்தான் மற்றவர் போகலாம், அவ்வளவுதான் அகலம். இதில் சைக்கிளுக்கு எங்கே இடம்?

சைக்கிள்காரர்களைத் திட்டி ஒரு மனு எழுதித் தா என்று யாராவது கேட்டால் எழுத மாட்டேன். 2022இல் பெற்றோல் கியூவில் நாள் கணக்காக நின்று, அப்புறம் கியூஆர் கோட் காட்டி அளந்து அளந்து எண்ணெய் வாங்கிய காலத்தில்தான் இந்த மேட்டிலும் பலர் சைக்கிளை வெளியே எடுத்தார்கள். நல்ல விஷயம். பாட்டியை இடித்தவனும் கெட்ட பையன் இல்லை. டியூஷனுக்குப் போன பத்தாம் ஆண்டுப் பிள்ளை. அவனே ஆட்டோவை மறித்து, அழுதுகொண்டே பாட்டியை ஏற்றிக்கொண்டு போனான். ரோட்டில் ஓட்ட அவனுக்குப் பயம். ஏ7 வீதியில் கினிகத்தேனையில் இருந்து நானுஓயா வரைக்கும் பஸ்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆக, பஸ்ஸுக்குப் பயந்து பையன் நடைபாதையில் ஏறுகிறான், பையனுக்குப் பயந்து பாட்டி ரோட்டில் இறங்குகிறார். எந்த அமைச்சும் இவ்வளவு சுறுசுறுப்பாக ஓர் இடமாற்றம் செய்து நான் பார்த்ததில்லை.

சைக்கிள் போகிற தைரியத்தில் இப்போது மோட்டார் சைக்கிளும் ஏறத் தொடங்கியிருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு விடுகிறேன்.

இதைச் சபையில் வாய்மொழியாகச் சொன்னபோது, அது பிரதான வீதி, எங்கள் பொறுப்பில் வராது என்றார்கள். வீதிக்குப் பொறுப்பானவர்களைக் கேட்டால், ஓட்டுகிறவர்களைப் பிடிப்பது பொலிஸ் வேலை என்றார்கள். பொலிஸில், ஓட்டக் கூடாது என்று பலகை எதுவும் இல்லையே, அதைச் சபைதானே போட வேண்டும் என்றார்கள். மூன்று இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஒரு இடத்தில் தேத்தண்ணியும் தந்தார்கள். ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுப் பாதைகள் சம்பந்தமான விஷயங்களையும் மக்களின் வசதியையும் நலனையும் சபையின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டிலேயே 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் நூறு பேருக்குப் பன்னிரண்டு பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். சட்டத்துக்கும் குறைவில்லை, வயசானவர்களுக்கும் குறைவில்லை.

முன்பெல்லாம் தோட்டத்து ஆள் எதைக் கேட்டாலும், தோட்டத்துக்குள் வேலை செய்யச் சபைக்குச் சட்டத்தில் இடமில்லை என்ற பதில்தான் வரும். 2018இல் அந்தச் சட்டத்தையும் திருத்தியாயிற்று. அப்புறம் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் வரும் வரைக்கும், யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியாமல் இருந்தோம். இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். வாக்குக் கேட்டு லயம் லயமாக ஏறி வந்தபோது அந்தக் கற்படியில் நீங்களும் ஏறித்தான் இருப்பீர்கள். கைலாகு கொடுத்துத்தானே ஏற்றிவிட்டார்கள்?

ஒக்டோபர் முதலாம் திகதி முதியோர் தினம் வருகிறது. கூடாரம் அடித்து, மாலை போட்டு, ஒரு துண்டு கேக்கும் நெஸ்டமோல்ட்டும் கொடுப்பார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் அவர்கள் எந்த வழியால் நடந்து போகிறார்கள் என்று பார்க்க மேடையில் யாரும் மிச்சம் இருப்பதில்லை. 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீ லங்கா என்ற அரசாங்கத் திட்டம் தொடங்கிய கையோடு பஸ்களிலும் ஆட்டோக்களிலும் மாட்டியிருந்த மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் பொலிஸார் கழற்ற வைத்தார்கள். என் தம்பியின் ஆட்டோவிலும் கழற்றினார்கள், அதில் எனக்குக் கோபம் இல்லை, பார்க்கக் கண் கூசும். வேகமாக வேலை செய்ய முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. அமைச்சர் வருகிறார் என்றால் ஒரே இராத்திரியில் நடைபாதை துப்புரவாகி, ஓரக்கல்லுக்குக் கறுப்பு வெள்ளைப் பெயின்ட் வந்துவிடுகிறது. கிளினிக்குக்குப் போகிற ஒவ்வொரு பாட்டிக்கும் முன்னால் ஒரு பொலிஸ் ஜீப் ஓட்டினால் நம் பிரச்சினை தீர்ந்துவிடும் போலிருக்கிறது.

சரி, கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன்.

நடைபாதையில் சைக்கிள் ஏறாமல் செய்து தாருங்கள். இதுதான் என் வேண்டுகோள், இது ஒன்றுதான். மேல் சந்தியிலும் ஆஸ்பத்திரி கேட் பக்கத்திலும் நடைபாதையின் வாயில் இரும்புத் தூண்களை முன்னும் பின்னுமாக நட்டால் போதும். சக்கர நாற்காலி போகிற இடைவெளி விட வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கான 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளையும் மறந்துவிடக் கூடாது. அந்த இடைவெளியில் சைக்கிளும் நுழையும்தான். ஆனால் இறக்கத்தில் வந்த வேகத்தோடு நுழைய முடியாது, காலை ஊன்றியாக வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற சைக்கிளோடு யாருக்கும் சண்டை இல்லை.

கூடவே மூன்று மொழியிலும் ஒரு பலகை. போன தடவை குப்பை கொட்டக் கூடாது என்று வைத்த பலகையில் தமிழ் எப்படி இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். எழுதுவதற்கு முன் என்னிடம் அனுப்பினால் சும்மா பார்த்துத் தருகிறேன். பொறுப்பதிகாரி அவர்களே, கிளினிக் நாட்களில் காலை 7 மணியில் இருந்து 10 மணி வரை ஒரு உத்தியோகத்தர் அங்கே நின்றால் போதும். முதல் சில வாரம் தண்டம் எழுத வேண்டாம், இறக்கி நடக்க விடுங்கள். பிள்ளைகள்தானே, பழகிக்கொள்வார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கும் வழி வேண்டும். காலையில் கடைகளுக்குச் சாமான் இறக்குகிற லொறிகள்தான் ரோட்டோரத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை 10 மணிக்கு அப்புறம் வரச் சொன்னால் பள்ளிக்கூட நேரத்தில் சைக்கிளுக்கு ஓரம் கிடைக்கும், அவனும் நடைபாதைக்கு ஏற மாட்டான். என் கடைக்குப் பேப்பர் வருவதும் அந்த லொறி ஒன்றில்தான். பிந்தி வந்தால் பரவாயில்லை, பக்கத்துக் கடைக்காரர்களிடம் நான் பேசிப் பார்க்கிறேன்.

அடுத்த சபைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, தூண் எப்போது நடுவீர்கள் என்று ஒரு திகதி சொல்லுமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். நடைபாதையில் சைக்கிள் ஏறக் கூடாது என்று தீர்மானம் மட்டும் எடுத்துக் கோவையில் போட்டுவிட வேண்டாம். பதிலைத் தமிழில் அனுப்புங்கள். கடைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறேன், கிளினிக்குக்கு வருகிறவர்கள் வாசித்துக்கொள்வார்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஆஸ்பத்திரி வீதி போட்டோ கொப்பி கடைக்காரன்